வெட்டாமல் விட்ட மூச்சு

“ஹலோ... ஹலோ, கேக்குதா?... ம், இப்ப கேக்குது. சொல்லு... ஆமா, ஆமா, இங்கதான் இருக்கேன்... வராந்தாவுல. உள்ள நின்னு போன் பேசக் கூடாதுன்னாங்க... பஸ் ஏறிட்டியா?... நல்லது. உக்கார இடம் கிடைச்சுதா?... ஜன்னலோரமா? சரி. வாயில ஏதாவது போட்டியா?... சரி சரி, கேக்கல. கோவிச்சுக்காத.”

‘கேக்குதா’ என்பது அவருக்குச் சோறு போடுகிற வார்த்தை. டப்பிங் ஸ்டூடியோவில் ஒலிப்பதிவு செய்கிறவர் அவர். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அந்தப் பக்கம் மைக் முன்னால் நிற்கிறவர்களிடம் நாள் முழுக்க இதையேதான் கேட்டுக்கொண்டிருப்பார். பழக்க தோஷம், வீட்டிலும் அதே கதைதான். அடுப்படியில் நிற்கிற மனைவியைக் கூப்பிடுவதானாலும் ‘கேக்குதா’ என்றுதான் ஆரம்பிப்பார். ‘கேக்குது, கேக்குது, டேக் போங்க’ என்று அவளும் கிண்டல் செய்வாள். இன்றைக்கு அவள் கிண்டல் செய்யவில்லை.

அவளுக்கு வேலை வெளியூரில். ஒரு துணி ஆலையில் சூப்பர்வைசர். ஆலை விடுதியிலேயே தங்கல். மாதக் கடைசியில்தான் வீட்டுக்கு வருவாள். மற்ற நாட்களில் சாயங்கால இடைவேளையில் மகனோடு போனில் பேசுவதோடு சரி. காலையில் அவர் அவளிடம் சொன்னது இவ்வளவுதான்: பையனுக்குத் தொண்டையில் சின்னதாக ஒரு கட்டி, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது, கிளம்பி வா. மீதியைச் சொல்ல நாக்கு எழவில்லை.

“...அட, பயப்படுற மாதிரி ஒண்ணுமில்ல. கட்டியைக் கீறி விட்டுட்டாங்க... ஆமா, முடிஞ்சிடுச்சு... மத்தியானத்துக்கு முன்னாடியே முடிஞ்சிடுச்சு... தூங்குறான். மருந்து ஏறுதுல்ல, அந்த அசதி... காய்ச்சலா? இருக்கு... குறையும்னாங்க. டாக்டரம்மா நல்ல மாதிரி. பொறுமையா பதில் சொல்றாங்க... என்ன சொன்னாங்கன்னா... அதான், கட்டின்னு... நீ வா. வந்ததும் நிதானமாப் பேசிக்கலாம்... என்ன? பாலம் தாண்டினா சிக்னல் இருக்காதா? சரி, அதுக்கு இன்னும் நேரம் இருக்கே.”

அவருக்கு எதிரே கண்ணாடி பதித்த இரட்டைக் கதவு. யாராவது போய்வரும்போது அது ஒரு முறை ஆடி, ரப்பர் உரச, மெதுவாக மூடிக்கொள்ளும். மூடுவதற்குள் உள்ளேயிருக்கிற இயந்திரங்களின் சத்தம் கொஞ்சம் வெளியே வந்து போகும். அதில் தன் மகனுடைய இயந்திரம் எது என்று அவர் அடையாளம் பிடித்து வைத்திருந்தார். மற்றவற்றைவிட அது அரை சுருதி மேலே கத்தியது. அவர் காலில் செருப்பில்லை, வெறும் காலுறைதான். ஸ்டூடியோவில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பையனைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற நேரத்தில் செருப்பைத் தேட யாருக்குத் தோன்றும்? வெள்ளைக் காலுறை இப்போது ஆஸ்பத்திரித் தரையின் நிறத்துக்கு வந்திருந்தது.

“...இப்பவா?... தூங்குறான்னு சொன்னேனே... எழுப்பக் கூடாதும்மா... ஒரு வார்த்தைதானா? சரிதான், ஆனா... நான் எதுக்கு மறைக்கப் போறேன்?... இல்ல... இல்லவே இல்ல... அழாத. பஸ்ல எல்லாரும் பாப்பாங்க... சரி. சரிம்மா. இரு. உள்ள போய்ப் பாக்குறேன். முழிச்சிருந்தா குடுக்கிறேன். லைன்லயே இரு.”

அவர் உள்ளே போகவில்லை. வராந்தாக் கடைசியில், குடிதண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார்.

அவர் கழுத்தில் எப்போதும் உள்ளங்கை அகலத்தில் ஒரு ரெக்கார்டர் தொங்கும். மழை, இரும்புக் கேட், நாய்ச் சண்டை என்று போகிற இடத்தில் கிடைக்கிற சத்தத்தையெல்லாம் அதில் பிடித்துக்கொள்வார். மகன் மைக்கில் பேசிப் பதிவான டேக்குகளும் அதில் இருந்தன. பையனுக்குப் பதின்மூன்று வயது. ஸ்டூடியோவில் அவனைக் ‘கீச்சு’ என்றுதான் கூப்பிடுவார்கள், அப்படியொரு குரல். ஒரு கார்ட்டூன் தொடரில் யானைக்குட்டிக்கு அவன்தான் பேசுகிறான். ஒரு பகுதியில் அந்தக் குட்டி காட்டில் வழிதவறிப்போய் அம்மாவைக் கூப்பிடும். அந்த டேக் எங்கே இருக்கிறதென்று அவருக்குக் கண்ணை மூடிக்கொண்டும் தெரியும்.

ரெக்கார்டரைப் போனுக்கு நேராகப் பிடித்தார். இரண்டு விரல் இடைவெளி, கொஞ்சம் சாய்வாக. எந்த வேலைக்கு என்று தெரியாமலேயே கை தன் வேலையைச் சுத்தமாகச் செய்தது.

‘அம்மா... நான் நல்லாத்தான்மா இருக்கேன். நீ பயப்படாம வா. நான் இங்கயேதான் இருக்கேன்.’

“...ஹலோ. கேட்டுச்சா?... பாத்தியா, நான்தான் சொன்னேனே... ஹலோ?... என்னம்மா, பேச மாட்டேங்குற... 

“...என்ன?... இல்ல, இப்பத்தான் பேசினான். கட்டிலுக்குப் பக்கத்துலதான் நிக்கிறேன்... தெளிவாவா?... ஆமா, தெளிவாத்தான் இருந்துச்சு... தொண்டையைக் கீறியிருக்கிறப்போ எப்படி... அது வந்து... மருந்து... 

“...ஆமா. பழசு. யானைக்குட்டி டயலாக்... ம்... ம். தப்புதான்... ஐயோ, இல்ல. அப்படிக் கேக்காத. இல்லம்மா, இருக்கான். உயிரோட இருக்கான். மூச்சு விடுறான், என் கண்ணால பாத்துட்டுதான் வந்தேன். சத்தியமா இருக்கான்... நான் சொல்றதைக் கேளு... எழுந்திருக்காத, பஸ் ஓடும்போது எழுந்திருக்காத, உக்காரு... பக்கத்துல யாரு? அவங்ககிட்ட தண்ணி வாங்கிக் குடி... குடிச்சியா?... உயிரோடதான் இருக்கான்.”

ஆறுதலாக இருக்கட்டும் என்று போட்டுக் காட்டிய குரல், பையன் போய்விட்டான் என்று அவளை நினைக்க வைத்துவிட்டது. ஊரில் எந்த அப்பனும் இப்படி ஒரு காரியம் செய்திருக்க மாட்டான். சத்தத்தை வெட்டி ஒட்டியே காலம் தள்ளுகிறவருக்கு மட்டும்தான் இப்படிப் புத்தி போகும். அவர் சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்றார்.

“...சொல்றேன். எல்லாத்தையும் சொல்றேன். நடுவுல திட்டு, என்ன வேணா பண்ணு, போனை மட்டும் வச்சிடாத... தொண்டைக்குள்ள, டான்சிலுக்குப் பின்னாடி சீழ் கோத்துக்கிச்சு... ஆமா, சாதாரணத் தொண்டை வலியாத்தான் ஆரம்பிச்சிருக்கும்னாங்க. கிருமி உள்ள போனா உடம்பு சண்டை போடுமாம். அந்தச் சண்டையில செத்ததெல்லாம் சேர்ந்துதான் சீழ். அது பரவக் கூடாதுன்னு உடம்பே சுத்திச் சுவர் எழுப்பிடுமாம்... ம், நல்லதுக்குத்தான். ஆனா சுவர் எழும்பிட்டா வெளியில இருந்து போற மருந்தும் உள்ள போகாது. சத்தம் புகாத எங்க ரெக்கார்டிங் ரூம் மாதிரின்னு வச்சுக்கோயேன்... ஆமா, வழி வெட்டித்தான் விடணும். மாத்திரை மட்டும் போதாது... இவனுக்கு அதுக்குள்ள கழுத்துப் பக்கமா இறங்கிடுச்சு.

“...வெளியில தெரியாதும்மா. பிள்ளைங்களுக்குக் கையில கால்ல கட்டி வந்தா சிவக்கும், வீங்கும், தொட்டா சுடும். யாருக்கானாலும் தெரியும். இது உள்ள... எதுல தெரியும்னா... குரல்ல தெரியும்னாங்க... ஆமா. வாயில சூடா எதையோ வச்சுக்கிட்டுப் பேசுற மாதிரி இருக்குமாம்... ஆமாம்மா. நீ சொன்ன அதே வார்த்தை. டாக்டரம்மா சொன்னப்போ எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு.”

ஒரு வாரமாகவே அவள் அதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். ‘வாயில சூடா எதையோ வச்சுக்கிட்டுப் பேசுற மாதிரி இருக்கு, என்னன்னு பாருங்க.’ ஆலைக் கேண்டீன் சுவரோரம், பின்னால் பாத்திரம் கழுவுகிற இரைச்சலில், கீறல் விழுந்த போனில் கேட்டதை வைத்து அவள் சொன்னாள். ‘போன்ல அப்படித்தான் கேக்கும், உன் போனை மாத்து’ என்று அவர் பதில் சொன்னார். சொல்லும்போது கொஞ்சம் சிரித்தும் இருந்தார்.

“...எனக்குக் கேக்காம இல்ல. முதல் நாளே கேட்டுச்சு. என்னடா அமுங்கலா வருதேன்னு மைக்கை மாத்தினேன். அப்புறம் ஒயரை மாத்தினேன். ஹெட்போனைத் துடைச்சேன்... ஆமா, மைக்கைத்தான் மாத்தினேன். பிள்ளை வாயைத் திறந்து பாக்கத் தோணல... எதை மாத்தினாலும் அப்படியேதான் வந்துச்சு. அப்பத்தான் பெரிய புத்திசாலி மாதிரி ஒரு முடிவுக்கு வந்தேன், குரல் உடையுதுன்னு... பதிமூணு வயசாச்சே. மேலுதட்டுல பூனை முடி தெரியுதே... நான் மட்டும் இல்ல, எல்லாரும் அதைத்தான் சொன்னாங்க.”

குழந்தைக் குரலை நம்பித் தொடர் நடத்துகிற இடத்தில் எல்லோரும் பயப்படுவது ஒன்றுக்குத்தான். பையனுக்குக் குரல் உடைந்தால் யானைக்குட்டிக்கு வேறு ஆள் பார்க்க வேண்டும். அதனால் விஷயம் காதில் விழுந்ததும் தொடரின் பொறுப்பாளர், உடைவதற்குள் மிச்சத்தை முடித்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். பள்ளிக்கு விடுப்பு சொல்லிவிட்டு வேலை நேரத்தைக் கூட்டினார்கள். ‘மீசைக்காரரே, வாங்க’ என்று அங்கே எல்லோரும் அவனைச் சீண்டினார்கள். அவன் வாயைப் பாதி மூடிக்கொண்டு சிரித்தான். ஏன் பாதி மூடிக்கொண்டு சிரிக்கிறான் என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை. தகப்பனுக்கும்தான்.

“...காய்ச்சல் இருந்துச்சு. மாத்திரை குடுத்தேன், இறங்கிச்சு, மறுபடி வந்துச்சு... சாப்பாடா? கஞ்சிதான் கேட்டான். காது வலிக்குதுன்னான், ஹெட்போனைக் கழட்டுன்னேன்... வலின்னு சொல்லலையான்னு கேக்குறியா?... 

“...சொன்னான். இல்ல... சொல்லல, கேட்டான். ஒருநாள் வண்டியில வரும்போது பின்னால உக்காந்துக்கிட்டு, ‘குரல் உடையுறப்போ வலிக்குமாப்பா’ன்னு கேட்டான்... நானா? நான் வண்டி ஓட்டிக்கிட்டே... ‘கொஞ்சம் வலிக்கும்தான்டா, எல்லாருக்கும் வலிக்கிறதுதான்’னுட்டேன்.

“...வலிக்காது. யாருக்கும் வலிக்காது. எனக்கு வலிச்சதில்ல. சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அதுக்கப்புறம் அவன் வாயே திறக்கலம்மா. எல்லாருக்கும் வலிக்கிறதுதானேன்னு பொறுத்துக்கிட்டான்.”

போனில் இப்போது பஸ்ஸின் இரைச்சல் மட்டும் கேட்டது. அவள் திட்டியிருந்தால் அவருக்குத் தேவலாம்போல் இருந்திருக்கும். இரண்டு பேர் ஒரு தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு அவரைத் தாண்டிப் போனார்கள். அவர் காலை ஒதுக்கிக்கொண்டார். கண்ணில் நிறைந்ததைத் துடைக்க ரெக்கார்டர் இருந்த கைதான் வந்தது.

“...ஹலோ... இருக்கியா?... ம். இருந்தாப் போதும். பேச வேண்டாம்.

“...இன்னிக்குக் காலையிலயா?... காலையில மைக் முன்னாடி நின்னான். ஒவ்வொரு டயலாக்குக்கும் முன்னாடி மூச்சு இழுக்கிறப்போ உள்ள ஒரு சத்தம். சன்னமா, ஊதல் மாதிரி. எனக்கு நல்லாக் கேட்டுச்சு. எங்கெங்க வருதுன்னு குறிச்சுக்கூட வச்சேன்... எதுக்கா? அப்புறமா வெட்டணும்னு.”

வசனத்துக்கு முன்னால் வருகிற மூச்சு அவர்கள் தொழிலில் குப்பை. அதைத் தடம் தெரியாமல் எடுப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. ‘மூச்சுவெட்டி’ என்று சின்னப் பசங்கள் அவருக்குப் பட்டப்பெயரே வைத்திருந்தார்கள். அதில் அவருக்கு உள்ளூரப் பெருமையும் உண்டு. இன்று காலை வரைக்கும் உண்டு.

“...நான் எங்க பாத்தேன். வசனம் சொல்லிக் குடுக்கிற அக்காதான் பாத்தாங்க. தண்ணி கிளாஸ்ல துப்பித் துப்பி வச்சிருந்தான். எச்சிலைக்கூட முழுங்க முடியல அவனால. கழுத்தை ஒரு பக்கமா சாய்ச்சுக்கிட்டு, ஸ்டாண்டைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறான். ‘சார், பையனைப் பாருங்க’ன்னு கத்தினாங்க. ரூமுக்குள்ள கத்தினது எனக்கு ஹெட்போன்ல கேட்டுச்சு... தூக்கிட்டு ஓடியாந்தோம்.

“...இங்க வந்தா ஒரு விரல் நுழையிற அளவுக்குக்கூட வாய் திறக்கல. வாய் வழியாக் குழாய் விட முடியல, உள்ள அடைச்சுக்கிட்டு வருது. அதனால... கழுத்துல. முன்பக்கமா சின்னதா துளை போட்டு, அதுல குழாய் வச்சிருக்காங்க... ஆமா. அது வழியாத்தான் மூச்சு விடுறான். காத்து தொண்டைக்கு வராம அதுலயே போயிடும், அதான் பேச முடியாது. அதனாலதாம்மா குடுக்கல... எப்பவுமே இல்ல. வீக்கம் வடிஞ்சா எடுத்துடுவாங்க. குரல் வரும்னாங்க. எந்தக் குரல் வரும்னு நான் கேக்கல.

“...சீழை எடுத்துட்டாங்க. நிறைய இருந்துச்சாம். சீழ் நெஞ்சுக்கும் இறங்கியிருக்குதான்னு நாளைக்கு மறுபடி படம் எடுத்துப் பாத்தாத்தான் தெரியும். அதுவரைக்கும் ஒண்ணும் சொல்ல முடியாதாம்... பிழைச்சுக்குவான்னு அவங்க சொல்லல. மாட்டான்னும் சொல்லல. இதுதான் இருக்கிறது. இதுக்கு மேல நான் எதையும் ஒளிச்சு வைக்கல.”

வெகுநேரம் அவர் ‘ம்’ கொட்டிக்கொண்டே நின்றார். அவள் பேசப் பேச அவர் தலை தாழ்ந்துகொண்டே போனது. கொடுத்ததையெல்லாம் வாங்கிக்கொண்டார். தப்பித்துக்கொள்ள ஒரு வார்த்தை சொல்லவில்லை.

“...ம்... ம்... ஆமா, நீ பக்கத்துல இருந்திருந்தா இது நடந்திருக்காது... ம்... சொல்லு... அப்படிச் சொல்லாத, உன் மேல எந்தத் தப்பும் இல்ல. நீதான் சொன்னியே, நான்தானே கேக்கல... என்ன?... என்ன கேக்கணும்?... மூச்சா?... போன்ல எப்படிம்மா... அது ரொம்பச் சன்னமா... பாலம் வந்துடுச்சா?... தெரியுதா? சரி. சரி, இரு, வச்சிடாத. இப்பவே. கேக்க வைக்கிறேன்.”

வராந்தாவில் அவர் ஓடினார். காலுறை வழுக்கியது, ஒரு நாற்காலியைப் பிடித்துச் சமாளித்துக்கொண்டார்.

“சிஸ்டர்... ஒரே ஒரு நிமிஷம். அவன் அம்மா, பஸ்ல வந்துட்டிருக்காங்க... தெரியும் சிஸ்டர். நான் பேச மாட்டேன். பேசவே மாட்டேன், அவங்க கேக்கட்டும்... இந்த அங்கியா? போட்டுக்கிறேன்... கும்பிடுறேன் சிஸ்டர்.”

பையன் விழித்துத்தான் இருந்தான். கழுத்தைச் சுற்றி வெள்ளை நாடா. நடுவில் வளைந்த சின்னக் குழாய். அப்பாவைப் பார்த்ததும் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. சத்தம் வராதது அவனுக்கே இன்னும் பழகவில்லை. மறுபடி அசைத்துப் பார்த்தான். அவர் குனிந்து அவன் தலையைத் தடவினார். பிறகு போனைக் குழாய்க்கு நேராகக் கொண்டுபோனார். இரண்டு விரல் இடைவெளி, கொஞ்சம் சாய்வாக. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் பொய்யைப் போட்டுக்காட்டிய அதே கை, அதே அளவு.

உள்ளே போகும்போது வறண்ட ஒரு இழுப்பு. வெளியே வரும்போது ஈரமாக ஒரு சின்னக் கரகரப்பு. பிறகு ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு மறுபடி இழுப்பு. வேறொரு நாளாக இருந்தால் இதில் எதை எடுப்பது, எதை விடுவது என்று அவர் காது கணக்குப் போட்டிருக்கும்.

“...கேக்குதா?... 

“...ம். அதான். அவன்தான்... இது இப்பத்தான். பழசு இல்ல.”

அதற்கு மேல் அவள் என்னவோ சொல்லத் தொடங்கினாள். அவர் போனை மகன் காதில் வைத்தார். காதில் வைத்ததும் மூச்சு வேகமாக வந்தது, கரகரப்பு கூடியது. இயந்திரம் ஒரு முறை எச்சரித்துவிட்டு அடங்கியது. பையன் கண்ணிலிருந்து வழிந்தது நேராகப் போய்ப் போனின் விளிம்பில் நின்றது. அவர் துடைக்கவில்லை. கொஞ்சம் பொறுத்து, போனை மறுபடி குழாய்ப் பக்கம் நகர்த்தினார்.

“...இன்னும் கேக்குதா?... சரி. எடுக்கல, நான் எடுக்கல. நீ கேளு... 

“...ஹலோ... ஹலோ...”

லைன் போய்விட்டிருந்தது. பஸ் பாலத்தைத் தாண்டியிருக்கும்.

பையன் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இன்னும் அம்மா கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள் என்று அவனை நினைக்க விட்டிருக்கலாம். போனை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றால் போதும்.

“கட்டாயிடுச்சுடா கண்ணு,” என்றார், சிஸ்டருக்குக் கேட்காத குரலில். “அம்மா கேட்டுட்டா. வந்துட்டிருக்கா.”

பையன் கண்ணை ஒரு முறை மூடித் திறந்தான். அவர் போனைப் பையில் போட்டுவிட்டு, அடுத்த மூச்சுக்குக் காதைக் கொடுத்தபடி நின்றார். வந்தது.